நிலாச் சதுக்கத்தின் அங்காடிகள்

ஓர் ஊரின் பெருமையை உரைக்க வந்த நம் புலவர்கள் மதிலையும் மாடத்தையும் பாடியதோடு நின்றுவிடவில்லை. அங்காடித் தெருவுக்குள்ளும் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார்கள். மதுரைக்காஞ்சி கூடல் மாநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. இளங்கோவடிகள் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை விவரிக்கும்போது, நறுமணப் பொருள் விற்போர், பட்டும் பருத்தியும் நெய்வோர், பொன்வினைஞர், தச்சர், கன்னார் என்று தொழிலுக்கொரு தெருவாக மக்கள் வாழ்ந்ததை வரிசைப்படுத்துகிறார். கடல் கடந்து வந்த பல மொழி பேசும் மக்கள் அவ்வூராரோடு கலந்து இனிது உறைந்ததையும் அவர் சொல்ல மறக்கவில்லை. அயலார் ஊராராகும் இடம் அங்காடியே என்பதை அவ்வடிகள் அன்றே கண்டிருந்தார் போலும்.

தில்லியில் வாழும் தமிழர்களாகிய நாம் இவ்வுண்மையைச் சற்றே மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினாரைக் காட்டுகிறோம், செங்கோட்டையைக் காட்டுகிறோம். கோட்டைக்கு எதிரே நீண்டு கிடக்கும் சாந்தினி சௌக்கை மட்டும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் முன்னர் அவசரமாகச் சில பொருள்கள் வாங்கும் இடமாகவே கருதிவருகிறோம். அரிசிக்கும் புளிக்கும் அப்பளத்துக்கும் கரோல்பாக் உண்டு. முருங்கைக்காய்க்கும் வாழைக்காய்க்கும் ஐ.என்.ஏ. சந்தை உண்டு, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிடுகிறோம். எந்தக் கடையில் எப்பொருள் கிடைக்கும் என்று சொல்வதோடு, அப்பொருள் அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு எண்ணிப் பார்த்தால், அந்தத் தெருவில் நாம் அயலார் அல்லர் என்பது விளங்கும்.

தெரு பிறந்த கதை

முகலாயப் பேரரசர் ஷாஜகான் ஆக்ராவை விட்டுத் தில்லியில் ஒரு புதுத் தலைநகர் காண விழைந்தார். 1639-ஆம் ஆண்டு செங்கோட்டைக்குக் கால்கோள் நடந்தது. 1648-இல் அரசர் குடிபுகுந்தார். ஷாஜகானாபாத் என்று பெயர்பெற்ற அந்நகரின் நடுநாயகமான கடைத்தெருவை அமைத்தவர் அவருடைய மூத்த மகள் ஜகானாரா பேகம் ஆவார். கோட்டையின் லாகூர் வாயிலிலிருந்து ஃபதேபூரி மசூதி வரை சுமார் 1,500 கஜ நீளம். 40 கஜ அகலம். தெருவின் நடுவே யமுனைக் கால்வாயின் நீர் ஓடிற்று. இரு மருங்கிலும் நிழல் மரங்கள் நின்றன. தெருவின் இடையில் ஒரு சதுக்கமும், அதன் நடுவே ஒரு குளமும் 1650-ஆம் ஆண்டையொட்டி அமைந்தன. குளத்து நீரில் நிலவொளி விழுந்து துலங்கியமையால் அச்சதுக்கம் நிலாச் சதுக்கம் என்னும் பொருளில் சாந்தினி சௌக் என வழங்கலாயிற்று. பின்னர் அப்பெயர் தெரு முழுவதற்கும் ஆகிவந்தது. சதுக்கத்தின் ஒருபுறம் பேகத்தின் தோட்டமும், தொலைநாட்டு வணிகர் தங்கப் பெரியதொரு சத்திரமும் இருந்தன.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஜகானாரா அந்தப்புரத்தில் ஒடுங்கிக் கிடந்தவர் அல்லர். சூரத் துறைமுகத்தின் வருவாய் அவருக்கு உரியதாக இருந்தது. அவர் பெயரில் கப்பல்கள் கடலோடின. வணிகத்தின் இயல்பை அறிந்த ஒரு பெண்மணி, வணிகருக்குத் தங்குமிடமும் நீரும் நிழலும் தந்து சமைத்த தெரு இது. வெளியூரார் வந்தால்தான் கடைத்தெரு வளரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தெருவின் பிறப்பிலேயே வந்தேறிகளுக்கு இடம் வைக்கப்பட்டிருந்தது.

பிரான்சு நாட்டு மருத்துவர் பெர்னியர் 1663-இல் தில்லியிலிருந்து எழுதிய கடிதம் அன்றைய கடைத்தெருவின் நிலையைக் காட்டுகிறது. பாரசீகம், பால்க், புகாரா, சாமர்கண்டு ஆகிய இடங்களிலிருந்து பாதாமும் பிஸ்தாவும் உலர்பழங்களும் வந்து குவிந்ததையும், குளிர்காலத்தில் பஞ்சில் பொதிந்த புதுத் திராட்சை வந்ததையும் அவர் வியந்து குறிக்கிறார். தின்பண்டக் கடைகளைப் பற்றி அவருக்கு நல்ல கருத்து இல்லை. புழுதியும் ஈயும் மொய்த்ததாகக் குறைப்படுகிறார். விலையுயர்ந்த துணிகளை விரித்துக் காட்டும் கடை ஒன்று இருந்தால், எண்ணெயும் நெய்யும் தானியமும் மட்டுமே வெளியே தெரியும் கடைகள் இருபத்தைந்து இருந்தன என்றும், உயர்ந்த சரக்கெல்லாம் உள்ளே கிடங்கில் இருந்தன என்றும் அவர் எழுதுகிறார்.

இக்குறிப்பு இன்றும் நமக்குப் பயன்படும். பழைய தில்லியின் நல்ல கடைகள் கண்ணாடிப் பேழையில் பொருளைப் பரப்பி வைப்பதில்லை. குறுகிய படியேறி, செருப்பைக் கழற்றி, வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று சொன்னால் உள்ளிருந்து ஒவ்வொன்றாக வரும். கேட்கத் தெரிந்தவருக்கே இத்தெரு திறக்கும்.

மூன்று அழிவுகள்

இத்தெரு மும்முறை பாழாயிற்று, மும்முறையும் எழுந்தது. முதலாவது 1739-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். பாரசீக மன்னன் நாதிர்ஷா, சாந்தினி சௌக்கின் சுனேரி மசூதியில் அமர்ந்துகொண்டு நகரை வெட்டி வீழ்த்த ஆணையிட்டான். ஒரே நாளில் மாண்டோர் 20,000-க்கும் மேற்பட்டோர் என்பர். நகைக்கடைகள் நிறைந்த தரீபாத் தெரு குருதியில் தோய்ந்தது.

இரண்டாவது 1857-ஆம் ஆண்டுப் புரட்சி. செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபின் மக்கள் மதிலுக்கு வெளியே விரட்டப்பட்டனர். இந்துக்கள் முதலிலும் முஸ்லிம்கள் நெடுநாள் கழித்துமே திரும்ப அனுமதிக்கப்பட்டனர். கோட்டையைச் சுற்றியிருந்த மாளிகைகளும் கடைவீதிகளும் தரைமட்டமாயின. ஜகானாராவின் சத்திரம் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் நகர மன்றக் கட்டடம் எழுந்தது. நிலவு விழுந்த குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு ஒன்று நிறுத்தப்பட்டது. அதுவும் பின்னாளில் சரிந்து மறைந்தது. சந்துகளை ஊடறுத்துப் புதிதாகப் போட்ட சாலை, நூற்றாண்டுக்கு மேல் பழையதான பின்னும், ‘புதுச் சாலை’ என்னும் பொருளில் நயீ சடக் என்றே இன்றும் வழங்குகிறது.

மூன்றாவது 1947-ஆம் ஆண்டுப் பிரிவினை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேறின. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் உடுத்த துணியோடு வந்தவர்கள் தெருவோரங்களில் கடை விரித்தார்கள். கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபதிராய் சந்தை அவ்வாறு வந்தோரின் வாழ்வுக்காக உருவானது. இன்று நாம் ‘பழைய தில்லி வணிகர்’ என்று எண்ணிப் பேசும் பலருடைய பாட்டனார் அகதியாக வந்து இறங்கியவரே.

நம் வருகையும் இதே வரலாற்றின் ஓர் இழைதான். 1911 டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வைசிராய் ஹார்டிஞ்சு யானை மீது இதே சாந்தினி சௌக் வழியாக ஊர்வலம் வந்தபோது அவர்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. தலைநகர் மாறியதால் அலுவலகங்கள் வந்தன; அலுவலகங்களைத் தொடர்ந்து சென்னை மாகாணத்து எழுத்தர்களும் கணக்கர்களும் வந்தனர். புதுதில்லி எழும்பிக்கொண்டிருந்த அந்நாளில் பெரிய கடைத்தெரு என்றால் இதுதான். 1908-இல் ஓடத் தொடங்கி 1963-இல் நின்றுபோன டிராம் வண்டியில் ஏறி நம் முன்னோர் இங்கு வந்து பாத்திரமும் பஞ்சு ரஜாயும் வாங்கியிருப்பர். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றும்போது அவர்களுள் பலர் இந்நகரில் ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்திருந்தனர்.

உண்பவை

இனி அங்காடிக்குள் நுழைவோம். கோட்டைப் புறத்திலிருந்து நடந்தால் தரீபாத் தெருவின் முனையில் 1884-இல் தொடங்கிய பழைய ஜிலேபிக் கடை இருக்கிறது. நம் ஊர் ஜாங்கிரியை எண்ணிக்கொண்டு வாங்குவோர் வியப்படைவர். ஜாங்கிரி உளுந்தால் ஆவது. இது புளித்த மைதா மாவால் ஆவது. இக்கடையில் விரல் பருமனில் நெய்யில் பொரித்துப் பாகில் ஊறவைத்துச் சுடச்சுடத் தருகிறார்கள்.

சற்றுத் தள்ளிப் பராத்தாச் சந்து. ஆள் இருவர் தோள் உரசாமல் நடக்க இயலாத இச்சந்தில் 1870-களிலிருந்து பராத்தாக் கடைகள் நடந்துவருகின்றன. தோசைக்கல்லில் வாட்டும் பராத்தாவன்று. இரும்பு வாணலியில் நெய்யில் பொரித்தெடுப்பது. உருளை, பட்டாணி, காலிபிளவர், முள்ளங்கி என்று உள்ளீடு பலவாகும். பழைய கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்பதால், ஊரிலிருந்து வரும் நம் வீட்டுப் பெரியவர்களும் தயக்கமின்றி உண்ணலாம்.

குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் அரிய பண்டம் ஒன்றுண்டு. ‘தௌலத் கி சாட்’ என்பது அதன் பெயர். பாலை இரவுப் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து, பொங்கும் நுரையை மட்டும் எடுத்துக் குங்குமப்பூவும் சர்க்கரையும் தூவித் தட்டில் குவித்து விற்கிறார்கள். வாயில் இட்டதும் கரைந்துவிடும். வெயில் ஏறினால் தட்டிலேயே கரைந்துவிடும். ஆகவே முற்பகலிலேயே தேடிச் செல்லுதல் நன்று. காசியிலும் லக்னோவிலும் இதற்கு வேறு பெயர்கள் உண்டு.

ஃபதேபூரி மசூதியருகே, பிரிவினையின்போது லாகூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சைனா ராம் என்னும் சிந்தி இனிப்புக் கடை உள்ளது. அங்கு கிடைக்கும் கராச்சி அல்வா நெடுநாள் கெடாது. இரண்டு நாள் இரயில் பயணத்துக்கும் தாங்கும். ஊருக்கு இனிப்புக் கொண்டுசெல்வோர் பாற்பண்டங்களைத் தவிர்த்து இதனை வாங்குவது அறிவுடைமை.

காரி பாவ்லியும் நம் சமையலறையும்

மசூதியின் மறுபுறம் காரி பாவ்லி தொடங்குகிறது. ‘உப்புநீர்ப் படிக்கிணறு’ என்பது பெயரின் பொருள். ஷாஜகானுக்கு முன்னரே, சூர் வமிசத்து இஸ்லாம்ஷா காலத்தில் வெட்டப்பட்ட கிணறு அது. கிணற்றின் சுவடு இன்றில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆசியாவிலேயே பெரிய மொத்த மசாலாச் சந்தை என்று இதனைக் கூறுவர். கடோடியா சந்தைக் கட்டடத்தின் படியேறும்போதே மிளகாய் நெடி மூக்கைத் தாக்கும். சுமைகூலியாளும் தும்முகிறார், செல்வரும் தும்முகிறார். அங்கு ஏற்றத்தாழ்வு இல்லை.

தேனிப் பக்கத்து அம்மையார் ஒருவரை ஒருமுறை நாம் அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். தில்லிக்கு வந்த நாளிலிருந்து “இந்த ஊர்ல நமக்குன்னு என்னப்பா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். ஒரு கடைவாயிலில் திறந்திருந்த சாக்கிலிருந்து இரண்டு ஏலக்காயை எடுத்து நசுக்கி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. “இது நம்ம போடிக் காயில்ல!” என்றார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் ‘போடி’ என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆம் என்று தலையசைத்தார். அதன்பின் அவ்வம்மையார் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய் வடநாட்டுச் சந்தைகளுக்கு வருவது நெடுநாள் வழக்கம். பருமனைக் கொண்டே அதன் தரம் பிரிக்கப்படுகிறது. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது உயர்தரம். நிறம் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கவேண்டும். மலையாளக் கரை மிளகும், ஈரோட்டு மஞ்சளும், குண்டூர் மிளகாயும் இத்தெருவுக்கு நாள்தோறும் வந்து இறங்குகின்றன.

இதற்கு மறுதலையான செய்தியும் ஒன்றுண்டு. சாம்பாரும் இரசமும் மணக்க நாம் இடும் பெருங்காயம் தமிழ்நாட்டில் விளைவதன்று. ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் வறண்ட மலைகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால் அது. உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் நகரில் அதனை மாவும் பிசினும் சேர்த்துப் பக்குவப்படுத்துவர். இந்திய மண்ணில் அச்செடியைப் பயிரிடும் முயற்சியே 2020-ஆம் ஆண்டில்தான் இமாசலப் பிரதேசத்து லாகூல் பள்ளத்தாக்கில் தொடங்கிற்று. அப்படியானால், நம் பாட்டி கைமணம் என்று நாம் போற்றும் மணத்தில் ஒரு பங்கு காபூல் மலையினுடையது. காரி பாவ்லியில் பெருங்காயம் வாங்குவோர், பால்காயமா, கூட்டுக்காயமா என்று கேட்டு வாங்கவேண்டும். பால்காயம் விலை மிகுதி. ஆனால் கடுகளவு போதும்.

உடுப்பவை

துணிக்குக் கட்ரா நீல் செல்லவேண்டும். கட்ரா என்பது ஒரு தொழிலாருடைய கடைகளும் இல்லங்களும் ஒரே வாயிலுக்குள் அமைந்த முற்றம். அவுரிச் சாயத்தின் பெயர் தாங்கிய இம்முற்றத்தில் இன்று பட்டும் பருத்தியும் புரோகேடும் விற்கின்றன. மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்துக்கொள்வதே இங்கு வழக்கம்.

கினாரி பஜார் கல்யாண வீட்டாருக்கு உரியது. மாப்பிள்ளையின் முகத்திரை, தலைப்பாகை, மாலை, புடவைக் கரையில் தைக்கும் ஜரிகைப் பட்டை, இராமலீலைக் கூத்தர் அணியும் கிரீடம் ஆகியன சந்து முழுதும் தொங்கி மின்னுகின்றன. அதனையொட்டி நௌகரா என்னும் அமைதியான சிறு சந்து இருக்கிறது. வண்ணம் தீட்டிய முகப்புடைய ஒன்பது வீடுகள் கொண்டமையால் அதற்கு அப்பெயர். கடைத்தெருவின் ஆரவாரத்தினிடையே ஒரு நாழிகை நின்று மூச்சு வாங்க அதுவே தக்க இடம்.

இங்குத் தொங்கும் ஜரிகையைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது காஞ்சிபுரம் நம் நினைவுக்கு வரவேண்டும். மெய்யான ஜரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. காஞ்சித் தறிகளுக்கு அது மரபாகச் சூரத்திலிருந்து வந்தது. அதே சூரத்துதான் வடநாட்டுக் கினாரிக்கும் ஜரிகை ஈந்தது. அத்துறைமுகத்தின் வருவாயில் வாழ்ந்த ஜகானாரா அமைத்த தெருவில் நின்றுகொண்டு, நம் அன்னையின் கூறைப்புடவையோடு உறவுடைய இழையை நாம் தொட்டுப் பார்க்கிறோம்! இன்று கினாரி பஜாரில் கிடைப்பதில் பெரும்பகுதி செம்புக் கம்பியும் பிளாஸ்டிக்குமே. பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடைபோட்டு வாங்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதற்குக் காரணம் அன்றைய ஜரிகையில் இருந்த வெள்ளி. இப்போது வாங்குவது அவ்வாறு விலைபோகாது என்பதை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

காலணிக்குப் பல்லிமாரான் தெரு. தோலில் ஜரிகை வேலை செய்த ஜூத்திகளும் மூக்குக் கண்ணாடிகளும் அங்கு மலிவு. அத்தெருவின் காசிம் ஜான் சந்தில்தான் மகாகவி காலிப் வாழ்ந்து 1869-இல் மறைந்தார். அவர் இல்லம் நினைவகமாக விளங்குகிறது. செருப்பு வாங்கச் செல்வோர் அங்கும் ஐந்து நிமிடம் சென்று வரலாம்.

பரிசாகக் கொடுப்பவை

தரீபா கலான் வெள்ளிக்குப் பேர்போனது. ஒப்பற்ற முத்து என்னும் பொருளுடைய பாரசீகத் தொடரிலிருந்து அதன் பெயர் வந்ததாகக் கூறுவர். கொலுசு, குங்குமச்சிமிழ், குத்துவிளக்கு, குழந்தைக்குக் கிண்ணம் ஆகியவற்றை எடைக்கும் கூலிக்கும் தனித்தனியே விலை சொல்லித் தருவார்கள். 925 என்று பொறித்திருந்தால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்று கொள்க. கூலியில் மட்டுமே பேரம் பேச இடமுண்டு. வெள்ளியின் விலையில் இல்லை.

அதே தெருவில் 1816-இல் தொடங்கிய குலாப்சிங் ஜோரிமல் என்னும் அத்தர்க் கடை இருக்கிறது. ரோசா, மல்லிகை, தாழம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றின் மணங்கள் சிறு குப்பிகளில் கிடைக்கும். சுட்ட மண்ணிலிருந்து வடித்த அத்தரும் உண்டு. முதல் மழை பெய்த மண்ணின் மணம் அதில் இருக்கும். கன்னோசி நகரில் செம்பு அண்டாவில் பூவையும் நீரையும் இட்டுச் சூடேற்றி, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தரை வடிப்பர். அச்சந்தனம் மைசூர் மலைகளிலிருந்தும் நம் சத்தியமங்கலம், சவ்வாது மலைக் காடுகளிலிருந்தும் சென்ற பொருள். சந்தனம் அரிதாகிவிட்டதால் இக்காலத்தில் பல குப்பிகளில் பாரபின் எண்ணெயே அடிப்பொருளாக உள்ளது. ஆகவே, அடிப்பொருள் எது என்று கேட்டு வாங்குக. மலிவான குப்பியை வாங்கிவிட்டுப் பின் குறைகூறுவதில் பயனில்லை.

பித்தளை, செம்புப் பொருளுக்கும் திருமண அழைப்பிதழுக்கும் சாவ்ரி பஜார். பள்ளி, கல்லூரி நூல்களுக்கு நயீ சடக். தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிந்த பழைய புத்தகச் சந்தை 2019-இல் அருகிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. கைத்தொழில் பொருள்களை நிலையான விலையில் பெற விரும்புவோர் புதுதில்லியின் பாபா கடக் சிங் சாலையிலுள்ள மாநில விற்பனை நிலையங்களுக்கோ, 1994-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டுக்கோ செல்லலாம். அங்கு வசதி மிகுதி. ஆனால் இத்தெருவின் நினைவு அங்கில்லை.

செல்வோர்க்குச் சில சொற்கள்

2021-ஆம் ஆண்டில் சாந்தினி சௌக்கின் பெருந்தெரு செப்பனிடப்பட்டுப் பகலில் மோட்டார் வண்டிகள் விலக்கப்பட்டன. ஆகவே மெட்ரோவே சிறந்த வழி. சாந்தினி சௌக், லால் கிலா, சாவ்ரி பஜார் என்று முப்புறமும் நிலையங்கள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலை பதினொரு மணிக்கு முன் சென்றால் பூட்டையே காண நேரும். மொத்த வணிகத் தெருக்களில் சிறு அளவில் கேட்போருக்குச் சில கடைகள் தருவதில்லை. அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் அடுத்த கடையை நாடுக. ஒரே நாளில் எல்லாம் வாங்க முற்படாமல், ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று வைத்துக்கொண்டால் கால் வலியும் மனச் சலிப்பும் இரா.

நாம் எவ்வூரார்?

இத்தெரு என்றும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 1790-இல் தொடங்கிய கண்டேவாலா இனிப்புக் கடை 2015-இல் கதவடைத்தது. அப்பெயர் மீண்டும் தெருவில் தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பழைய மாளிகைகள் பலவற்றில் குடியிருப்போர் வெளியேற, அறைகள் சரக்குக் கிடங்குகளாகிவிட்டன. தூண்களின் வேலைப்பாட்டை மின்கம்பிகளும் அட்டைப் பெட்டிகளும் மறைக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளோ வேறு தொழிலை நாடுகின்றனர். நம் பிள்ளைகள் கைப்பேசியில் விரலால் தொட்டுப் பொருளை வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது என்னும் கதை அப்பெட்டியில் வருவதில்லை.

தில்லியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் ஒரு நாள் நம்மைக் கேட்கத்தான் போகிறார்கள்: “நாம் எந்த ஊர்?” தஞ்சை என்றோ நெல்லை என்றோ நாம் சொல்லும் விடை அவர்களுக்கு விடுமுறைக்குச் செல்லும் ஊரின் பெயராகவே படும். தில்லி என்று சொல்லவோ நமக்கு நாவெழுவதில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்த பின்னும் பெட்டியைக் கட்டிலின் அடியில் ஆயத்தமாக வைத்திருப்பவரைப் போலவே நம்முள் பலர் வாழ்கிறோம்.

அக்கேள்விக்கு விடை கூற இத்தெரு நமக்கு உதவும். கால்வாய் நீர் தொலைவிலிருந்து வந்தது; பழம் சாமர்கண்டிலிருந்து வந்தது; அல்வா லாகூரிலிருந்து வந்தது; ஏலம் போடியிலிருந்து வந்தது. வந்தவை அனைத்தும் சேர்ந்தே இவ்வூராயிற்று, வந்தவர்களும் அவ்வாறே. மும்முறை அழிந்த தெருவை மும்முறையும் நிமிர்த்தியவர்களுள், வேறிடத்திலிருந்து வந்து கடை விரித்தவர்களின் பங்கு பெரிது. நாம் தஞ்சையாராகவும் நெல்லையாராகவும் இருந்துகொண்டே தில்லியாராகவும் இருக்கலாம்; அதனால் இரண்டில் எதுவும் குறைந்துவிடாது.

ஆகவே வரும் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை குழந்தைகளை அழைத்துக்கொண்டு புறப்படுவோமாக. நுரைப்பாலைச் சுவைக்கக் கொடுப்போம்; காரி பாவ்லியில் ஓர் ஏலக்காயை நசுக்கி முகரச் செய்வோம்; தரீபாவில் ஒரு துளி சந்தனத்தைப் புறங்கையில் தடவுவோம். வீடு திரும்பும் வழியில் அவர்களே சொல்வார்கள், நாம் எந்த ஊர் என்று.